கேள்வி பதில் பக்கம்: "பதினஞ்சு யென் அம்பது சென், எங்க சொல்லு பாப்போம்!"

போன வாரம் நிலநடுக்கம் பத்தி ஒரு பதில்ல, 1923ல டோக்கியோவுல கொரியர்களைப் பேசச் சொல்லிப் பாத்துக் கொன்னாங்கன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போய்ட்டேன். அதைப் புடிச்சுகிட்டு வந்த கேள்விங்கதான் இந்த வாரம் பாதிக்கு மேல. அதனால ராசிபலன் சண்டை, பெட்ரோல் விலை எல்லாம் அடுத்த வாரம்.

அது என்ன சார், பேசச் சொல்லிப் பாத்துக் கொல்றது? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.
*— வாசகர், நாகர்கோவில்*

1923 செப்டம்பர் 1, மத்தியானம் 12 அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது டோக்கியோ, யோகோஹாமா பக்கம் பூமி குலுங்குச்சு. வீட்டுக்கு வீடு சோறாக்க அடுப்பு எரிஞ்சுகிட்டிருந்த நேரம், எல்லாம் மர வீடு, விழுந்ததும் பத்திக்கிச்சு, செத்தவங்க ஒரு லட்சத்துக்கும் மேல. அன்னிக்கே வதந்தி கெளம்பிடுச்சு, கொரியாக்காரன் கிணத்துல விஷம் கலக்குறான், தீ வைக்கிறான், கூட்டமா வந்துகிட்டிருக்கான்னு. கொரியா அப்போ ஜப்பானோட காலனி, 1910லயே விழுங்கியாச்சு, கூலி வேலைக்கு வந்த கொரியர்கள் டோக்கியோவைச் சுத்தி நெறைய இருந்தாங்க. தெருவுக்குத் தெரு ஊர்க்காவல்னு ஒரு கும்பல், கையில மூங்கில் ஈட்டி, கத்தி, தீயணைக்கிற கொக்கி. போலீசும் ராணுவமும் அடக்கியிருக்கணும், ஆனா அவங்கள்லயே பல பேர் வதந்தியைப் பரப்பினாங்க, சில இடத்துல அவங்களே கொன்னாங்க.

இதுல ஒரு சிக்கல், முகத்தைப் பாத்தா ஜப்பானியன் எது கொரியன் எதுன்னு இவங்களுக்கே தெரியல. அதனால போறவன் வர்றவனை நிறுத்தி "ஜூகோ என் கோஜிஸ்ஸென்" சொல்லுன்னாங்க, பதினஞ்சு யென் அம்பது சென், வெறும் காசுக் கணக்கு. இதுல என்ன கஷ்டம்னு நமக்கு ஈசியா புரியும். பால்ல வர்ற ப வேற, பஸ்ல வர்ற ப வேற, ரெண்டுக்கும் நமக்கு ஒரே எழுத்து, பள்ளிக்கூடம் போகாத பாட்டி பஸ்ஸையும் பால் மாதிரியேதான் சொல்லும், அதுல பாட்டிக்கு ஒரு குறையும் இல்ல. கொரியாக்காரங்களுக்கும் கிட்டத்தட்ட அதேதான், வார்த்தையோட ஆரம்பத்துல அந்தக் கனமான ஒலி வராது, கோவாங்கற ஊர்ப் பேர்ல வர்ற கோ அவங்க வாயில கோவில்ல வர்ற கோ ஆயிடும். அவ்ளோதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்குத்தான் ஈட்டியால குத்தினாங்க. மொத்தம் எத்தனை பேர்ன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை இருக்கு, பரவலா சொல்ற கணக்கு 6,000.

இதுல எனக்கு மறக்காத சம்பவம் ஒண்ணு. செப்டம்பர் 6ஆம் தேதி, சிபா மாவட்டத்துல ஃபுகுடான்னு ஒரு கிராமம், இப்போ நோடா ஊருக்குள்ள இருக்கு. அங்க மருந்து விக்கிற நாடோடி வியாபாரிங்க 15 பேர் ஆத்தைக் கடக்கப் படகுத்துறையில நின்னாங்க, பொம்பளைங்க, சின்னக் குழந்தைங்களும் சேத்து. எல்லாரும் ஜப்பானியர்தான், ஆனா தூரத்துல மேற்கே ககாவாங்கற மாவட்டத்துல இருந்து வந்தவங்க, பேச்சுல அந்த ஊர் வாடை. இவங்க பேசுற ஜப்பானிய மொழி சரியில்லையே, கொரியாக்காரனா இருப்பானோன்னு சந்தேகம், 9 பேரை அடிச்சுக் கொன்னுட்டாங்க. அதுல ஒரு கர்ப்பிணிப் பொண்ணும் உண்டு. நம்ம ஊர்ல நாகர்கோவில்காரர் ஒருத்தர் திருவள்ளூர்ல போய்ப் பேசினதுக்கு நீ தமிழனே இல்லன்னு அடிச்சுக் கொன்ன மாதிரி. கேக்கவே அபத்தமா இருக்குல்ல? கொன்ன ஊர்க்காரங்களுக்கு அன்னிக்கு அப்படித் தோணல. செத்தவங்க அந்த நாட்டுலயே தீண்டத்தகாதவங்களா ஒதுக்கி வச்ச சமூகத்தைச் சேந்தவங்க, அதனாலயோ என்னவோ ரொம்ப காலத்துக்கு இதைப் பத்தி யாரும் பேசக்கூட இல்ல.

இன்னொருத்தர் கதை கேளுங்க. இட்டோ குனியோன்னு ஒரு 19 வயசுப் பையன், வதந்தியை நம்பி அவனும் தடியை எடுத்துகிட்டு கொரியர்களைத் தேடித்தான் வெளிய வந்தான். செண்டாகயாங்கற இடத்துல வேற ஒரு கும்பல் இவனையே கொரியாக்காரன்னு நெனச்சு வளைச்சுடுச்சு. அகர வரிசை சொல்லு, பேரரசர்கள் பேரை வரிசையா சொல்லுன்னு பரீட்சை. தெரிஞ்சவர் ஒருத்தர் வந்து அடையாளம் சொன்னதால உயிர் பொழச்சான். பின்னாடி பெரிய நாடக நடிகர், டைரக்டர் ஆனார், மேடைக்கு வச்சுகிட்ட பேர் செண்டா கொரேயா, அதாவது செண்டாகயாவின் கொரியன். சாகுற வரைக்கும் அந்தப் பேர்தான்.

அந்த மாதிரி நேரத்துல நான் அந்த ஜாதி இல்ல, அந்த இனம் இல்லன்னு பொய் சொல்லித் தப்பிக்கிறது சரியா? உயிருக்காக சொந்த அடையாளத்தை மறைக்கிறது கோழைத்தனம் இல்லையா?
*— வாசகி, கோயம்புத்தூர்*

அம்மா, இதுக்கு நான் நேரடியாவே சொல்லிடறேன், கோழைத்தனமே இல்ல. கத்தியோட நிக்கிறவனுக்கு உங்ககிட்ட உண்மையைக் கேக்குற உரிமையே கெடையாது, உரிமை இல்லாதவன்கிட்ட சொன்னது பொய்க் கணக்குல வராது. பொய்மையும் வாய்மை இடத்தன்னு நம்ம வள்ளுவர் இதுக்கு வழி விட்டுத்தான் வச்சிருக்கார். ஜெர்மனியில கான்ட்னு பெரிய தத்துவ மேதை, 1797ல ஒரு கட்டுரை எழுதினார், கொலைகாரன் வாசல்ல வந்து உன் நண்பன் உள்ள இருக்கானான்னு கேட்டாக்கூட பொய் சொல்லக்கூடாதுன்னு. மனுஷன் வாழ்நாள் பூரா கோனிக்ஸ்பெர்க்ங்கற ஊரையும் அதைச் சுத்தியும் விட்டு எங்கயும் போகாதவர், அவர் வாசல்ல அப்படி யாரும் வந்து நின்னிருக்க மாட்டாங்க.

கொழும்புல 1983 ஜூலையில அந்த வாசல் நெஜமாவே இருந்துச்சு. தமிழர்களைத் தேடி அலைஞ்ச கும்பல் ரோட்டுல கார், பஸ்ஸை நிறுத்தி சந்தேகப்பட்ட ஆளை "பால்தியா"ன்னு சொல்லச் சொன்னாங்க, சிங்களத்துல வாளின்னு அர்த்தம், மொத எழுத்து பஸ்ல வர்ற ப. தமிழாளுங்க நாக்குல அது மாறிடும்னு அவங்களுக்குத் தெரியும். சில இடத்துல சிங்களப் பேப்பரைக் குடுத்துப் படின்னாங்க, சில இடத்துல புத்த மத சுலோகம் சொல்லுன்னாங்க. பொட்டை அழிச்சுட்டு, தாலியைக் கழட்டி முடிஞ்சுகிட்டு, புள்ளைங்ககிட்ட வாயே தெறக்காதேன்னு சொல்லிட்டு நடந்த அம்மாக்கள் எத்தனையோ பேர். அவங்களைப் போய் அடையாளத்தை மறைச்சுட்டியேன்னு யார் கேக்க முடியும்? அதே மாதிரி பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தை உள் ரூம்ல வச்சுட்டு, வாசல்ல நின்னு இங்க யாரும் இல்லன்னு கும்பல்கிட்ட சொன்ன சிங்களக் குடும்பங்களும் இருந்தாங்க. கான்ட் கணக்குப்படி அவங்க செஞ்சது தப்பு! நம்ம கணக்குல அவங்கதான் மனுஷங்க.

ஆனா உங்க கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கு, அதுதான் கஷ்டம். நான் சோதனையில பாஸ் ஆயிட்டேன், என் பின்னாடி நிக்கிறவர் ஃபெயில், அவரை இழுத்துட்டுப் போறாங்க, நான் வாயை மூடிகிட்டு நடந்துட்டேன். இது? இதையும் நான் தப்புன்னு சொல்லமாட்டேன். அவனைப் புடிங்கன்னு கைகாட்டினா அது வேற, அதுக்கு மன்னிப்பு கேக்க வேண்டியது என்கிட்ட இல்ல, செத்தவர் குடும்பத்துகிட்ட. சும்மா நடந்து போனதுக்கு ஃபேன் காத்துல உக்காந்துகிட்டு நாம தீர்ப்பு எழுதக்கூடாது. நாஜிகளோட ஆஷ்விட்ஸ் வதைமுகாம்ல இருந்து மீண்டு வந்த பிரீமோ லெவிங்கற இத்தாலிய கெமிஸ்ட் இதைப் பத்தி வாழ்நாள் பூரா யோசிச்சவர். பொழச்சு வந்தவங்கள்ல நல்லவங்கதான் அதிகம்னு நெனைக்காதீங்க, இன்னொருத்தர் இடத்துல நான் உயிரோட இருக்கேனோங்கற உறுத்தல் போகவே போகாதுங்கற மாதிரி எழுதினார். அதே நேரத்துல அப்படி ஒரு நெலமையில மாட்டினவங்களைத் தீர்ப்பு சொல்றதை நிறுத்தி வைங்கன்னும் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் நம்ம பேச்சுக்கு நேரா வருது. இத்தாலியில இருந்து போன கைதிங்கள்ல நெறைய பேர் மொத ரெண்டு வாரத்துலயே செத்துப்போனாங்க, ஏன்னா ஜெர்மன் தெரியாது. கத்துறவன் என்ன கத்துறான்னு புரியல, எங்க நிக்கணும், எப்ப ஓடணும், சூப் எங்க குடுக்குறான், ஒண்ணும் புரியல. லெவிக்கு காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சப்போ கொஞ்சம் ஜெர்மன் வந்திருந்துச்சு, பத்தாததுக்கு தன் ரொட்டியைக் குடுத்து இன்னொரு கைதிகிட்ட ட்யூஷன் எடுத்துகிட்டார். பசியில சாகுற இடத்துல ரொட்டியைக் குடுத்து மொழி வாங்கியிருக்கார், அது எவ்ளோ சரியான வியாபாரம்னு பாருங்க. மௌட்ஹவுசன் முகாம்ல அடிக்கிற ரப்பர் தடிக்கு என்ன பேர் தெரியுமா, "மொழிபெயர்ப்பாளர்". எல்லா மொழிக்காரனுக்கும் புரியுமாம்.

அந்த டோக்கியோ கலவரத்துல ஒருத்தராவது காப்பாத்தலையா?
*— வாசகர், ஆம்பூர்*

இருந்தார். யோகோஹாமா பக்கம் சுருமி போலீஸ் ஸ்டேஷன்ல ஓகாவா சுனேகிச்சின்னு ஒரு அதிகாரி. சுமார் 300 கொரியர்களை ஸ்டேஷனுக்குள்ள வச்சுகிட்டார். வெளிய பெரிய கும்பல். விஷம் கலந்த தண்ணி இதுதான்னு அவங்க ஆதாரமா கொண்டுவந்த பாட்டிலை வாங்கி அவரே குடிச்சுக் காட்டினார்னு சொல்றாங்க. முதல்ல என்னைக் கொல்லுங்கன்னு நின்னுருக்கார். அந்த ஊர்க் கோயில்ல அவருக்கு நினைவுக் கல் இருக்கு, நட்டது கொரியர்கள்.

டொமினிக்கன் நாட்டுல ஒரு கீரை பேரைச் சொல்லத் தெரியாததுக்கு ஆயிரக்கணக்கான பேரை வெட்டினாங்கன்னு ஒரு வீடியோ பாத்தேன். உண்மையா, யூட்யூப் உடான்ஸா?
*— வாசகர், சேலம்*

வெட்டினது உண்மை. கீரைக் கதைதான் கொஞ்சம் யோசிக்கணும்.

கரீபியன்ல ஒரே தீவு, மேற்குப் பக்கம் ஹெய்தி, கிழக்குப் பக்கம் டொமினிக்கன் குடியரசு. 1937 அக்டோபர் ஆரம்பத்துல டொமினிக்கன் சர்வாதிகாரி ட்ருஹியோ எல்லைப் பக்கம் இருந்த ஹெய்திக்காரங்களை ஒழிச்சுக் கட்டச் சொன்னான். ஒரு வாரத்துல பல ஆயிரம் பேர், 12,000க்கு மேலன்னு பல ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. துப்பாக்கி கம்மி, பெரும்பாலும் வெட்டரிவாள். அப்போ சிப்பாய்ங்க கொத்தமல்லி மாதிரி இருக்குற பார்ஸ்லி தழையைத் தூக்கிக் காட்டி இது என்னன்னு கேப்பாங்களாம், ஸ்பானிஷ்ல "பெரெஹில்"னு சொல்லணும், அந்த ர-வும் தொண்டையில வர்ற ஹி-யும் ஹெய்திக்காரங்க பேசுற கிரியோல் நாக்குக்கு வராதுன்னு கணக்கு. அப்படிக் கேட்டதா சொல்ற சாட்சிங்க இருக்கத்தான் இருக்கு.

ஆனா இதை ஆராய்ச்சி பண்ணின சில வரலாற்று அறிஞர்கள் ஒரு நல்ல கேள்வி எழுப்புறாங்க. அந்த எல்லைப் பக்கத்து ஜனங்க ரெண்டு மொழியும் சரளமா பேசினவங்க, தலைமுறையா அங்கயே பொறந்து வளந்தவங்க, ரெண்டு பக்கமும் கல்யாணம் பண்ணி, ஒரே சந்தையில வியாபாரம் பண்ணி இருந்தவங்க. அவங்களுக்கு பெரெஹில் சொல்ல வராதா என்ன? அப்போ அந்த டெஸ்ட்டே முக்கால்வாசி சாக்குதான், யாரை வெட்டணும்னு ஏற்கனவே முடிவு பண்ணியாச்சு. கதை மட்டும் ஏன் இவ்ளோ பரவுச்சுன்னா, ரெண்டு ஜனமும் அடிப்படையிலேயே வேற, வாயைத் தெறந்தாலே தெரிஞ்சுடும்ங்கற மாதிரி அது ஒரு தோற்றத்தைக் குடுக்குது. கொன்னவனுக்குத் தேவைப்பட்ட பொய்யும் அதேதான், நாம பரிதாபப்பட்டு ஷேர் பண்ணும்போது அந்தப் பொய்யையும் சேத்து ஷேர் பண்றோம். இதுல பெரிய கூத்து, ட்ருஹியோவோட பாட்டியே ஹெய்தி வம்சாவளி.

நஷ்டஈடு 7,50,000 டாலர்னு பேசி, அப்புறம் 5,25,000ஆ குறைச்சு, அதுவும் செத்தவங்க குடும்பத்துக்குப் போய்ச் சேந்துச்சான்னு கேட்டா சிரிப்புதான் வரும். 2013ல அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், 1929க்கு அப்புறம் அங்க பொறந்திருந்தாலும் அப்பா அம்மா முறையான காகிதம் இல்லாத வெளிநாட்டவர்னா குடியுரிமை இல்லன்னு தீர்ப்பு சொல்லுச்சு, பெரும்பாலும் அடி வாங்கினது ஹெய்தி வம்சாவளிக்காரங்கதான்.

ஓஎம்ஆர்ல கால் சென்டர்ல இருக்கேன். வேலை நேரத்துல எனக்கு வேற பேரு, வேற இங்கிலீஷ். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா அம்மாகிட்ட கூட அதே டோன்ல பேசிடறேன், தங்கச்சி சீன் போடாதேங்கிறா. வயித்துப்பாட்டுக்காக குரலை மாத்திக்கிறது போலித்தனமா சார்?
*— வாசகர், சென்னை*

தம்பி, தங்கச்சி சொல்றது தங்கச்சி உரிமை, அதுல நான் தலையிட முடியாது. மத்தபடி நீங்க செய்றது வேலை. முன்னாடி கேட்ட அம்மாவுக்கு சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்லிடலாம், ஆனா உங்க கஸ்டமரை ஈட்டி வச்சிருந்தவனோட சேத்துப் பேசுறது ஓவர், உங்களுக்குப் போறது வேலை, அங்க போனது உயிர்.

ஆனா அந்தக் கஸ்டமரோட காதைப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க. அமெரிக்காவுல டொனால்ட் ரூபின்னு ஒருத்தர் 1992ல ஒரு சோதனை வெளியிட்டார். காலேஜ் பசங்களுக்கு ஒரு லெக்சர் டேப் போட்டுக் காட்டினாங்க, பேசினது சுத்தமான அமெரிக்க இங்கிலீஷ். ஒரு குரூப்புக்கு டேப்போட வெள்ளைக்காரப் பொண்ணு போட்டோ, இன்னொரு குரூப்புக்கு ஆசியப் பொண்ணு போட்டோ. ஆசிய முகத்தைப் பாத்த பசங்கள்ல பல பேர் பேச்சுல வெளிநாட்டு வாடை அடிக்குதுன்னாங்க, டேப் ஒண்ணேதான்! அது மட்டும் இல்ல, லெக்சர்ல இருந்து கேள்வி கேட்டா அவங்களுக்கு மார்க்கும் கம்மியாச்சு. நாம எவ்ளோ பாலிஷ் பண்ணினாலும், கேக்குறவன் மனசுல ஒரு முகம் இருந்தா அந்த முகத்தைத்தான் அவன் கேக்குறான்.

ஜான் பாஃப்னு ஒரு கறுப்பின மொழியியல் பேராசிரியர், கலிபோர்னியாவுல வாடகை வீடு தேடும்போது போன்ல பேசினா வாங்கன்னு கூப்பிடுறாங்க, நேர்ல போனா வீடு போயிடுச்சுங்கறாங்க. இதையே ஆராய்ச்சி ஆக்கிட்டார். ஒரே வீட்டுக்கு மூணு விதமா போன் பண்ணினார், வெள்ளைக்கார ஸ்டைல், கறுப்பர் ஸ்டைல், மெக்சிகன் ஸ்டைல், மூணும் அவர் குரலேதான். வெள்ளைக்காரங்க அதிகமா இருக்குற ஏரியாவுல பின்ன ரெண்டு குரலுக்கும் அப்பாயின்ட்மென்ட் சட்டுனு கொறஞ்சுபோச்சு. பேசவே வேணாம், ஹலோங்கற ஒரு வார்த்தையிலயே முக்கால்வாசி பேர் ஆளை யூகிச்சுடறாங்கன்னும் அவரும் கூட இருந்தவங்களும் காட்டினாங்க. இதுல வேடிக்கை, ஆளைப் பாத்து வீடு இல்லன்னா கேஸ் போடலாம், போன்லயே கழட்டி விட்டா நிரூபிக்கிறதுக்குள்ள தாவு தீந்துடும்.

இப்போ சனாஸ்னு ஒரு கம்பெனி, நீங்க உங்க பாட்டுக்குப் பேசுங்க, கஸ்டமர் காதுக்குப் போறதுக்குள்ள சாஃப்ட்வேர் அமெரிக்க உச்சரிப்பா மாத்திடும்னு வித்துகிட்டிருக்காங்க. வந்தா உங்க தொண்டைக்கு ரெஸ்ட், தங்கச்சி வாய்க்கும் ரெஸ்ட். ஆனா கேக்குறவன் எதையும் மாத்திக்க வேண்டாம்ங்கறதுக்குக் கோடிக்கணக்குல காசு போடுறாங்க பாருங்க, அதுதான் எனக்குச் செரிக்கல. எட்டு மணி நேரம் நீங்க நடிக்கிறீங்க, அதுக்கு ஒரு அலவன்ஸ் கேளுங்க, ட்ரான்ஸ்போர்ட் அலவன்ஸ் மாதிரி. சீரியஸாதான் சொல்றேன்.

வடநாட்டுப் பசங்க தமிழ் பேசுறதை ரீல்ஸ்ல கலாய்க்கிறாங்க, நாங்களும் சிரிக்கிறோம். நீங்க எல்லாத்தையும் சீரியஸ் ஆக்கிடறீங்க. ஜோக்குக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம்?
*— வாசகர், திருப்பூர்*

நேரடி சம்பந்தம் இல்ல, ஒத்துக்கறேன். சேட்டு வந்து "நம்பள்கி நிம்பள்கி"ன்னு பேசுற காமெடிக்கு நானும் சிரிச்சவன்தான், இந்திப் படத்துல மதராசின்னா ஐயையோன்னு தலையில கை வச்சா எரிச்சல் பட்டவனும் நான்தான், ரெண்டும் ஒரே ஆள்.

ஆனா 2018 ஏப்ரல், மே மாசத்தை ஞாபகப்படுத்திக்கங்க. வடநாட்டுல இருந்து குழந்தை கடத்துற கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல ஆடியோ சுத்துச்சு. நம்ம வட மாவட்டங்கள்ல அந்நியனா தெரிஞ்சவங்களை, தமிழ் பேசாதவங்களை நிறுத்தி அடிச்சாங்க, உயிரும் போச்சு. அந்த லிஸ்ட்டுல சென்னையில இருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குலதெய்வம் கும்பிட வந்த வயசான அம்மாவும் உண்டு, குழந்தைக்கு சாக்லேட் குடுத்ததுதான் அவங்க செஞ்சது. தமிழ் பேசுற அம்மா! ஃபுகுடா கிராமத்துல மருந்து வித்தவங்களுக்கு நடந்ததும் இதுவேதான். அந்தக் கும்பல்ல இருந்தவங்க ரீல்ஸ் பாத்துட்டு வந்தாங்கன்னு நான் சொல்லல. ஆனா ஒரு பேச்சைக் கேட்டதும் இவன் நம்மாளு இல்ல, முட்டாள், இல்ல திருடன்னு காது முடிவு பண்றதுக்கு எங்கயோ பழக்கம் வேணும்ல, அது எங்க பழகுது? உங்க ஊர்ல பனியன் கம்பெனிக்கு கம்பெனி அந்தப் பசங்கதான் தைக்கிறாங்க. மூணு மாசத்துல அவன் கத்துகிட்ட தமிழ்ல பாதி இந்தியை நீங்களும் நானும் முப்பது வருஷமா கத்துக்கல, கலாய்க்கிறதுன்னா யாரைக் கலாய்க்கணும்னு பாத்துக்கங்க.

சட்டம் படிக்கிறேன். கடல்ல பட்டினி கிடந்து கூட இருந்த பையனைக் கொன்னு தின்ன மாலுமிங்க கேஸ் கிளாஸ்ல வந்துச்சு. பாதி கிளாஸ் வேற வழியில்லங்குது, பாதி கிளாஸ் கொலைங்குது. உங்க ஓட்டு எதுக்கு?
*— வாசகி, மதுரை*

தெரியாதவங்களுக்காக சுருக்கமா. 1884ல மிக்னொனெட்னு ஒரு சின்னப் பாய்மரக் கப்பல் இங்கிலாந்துல இருந்து சிட்னிக்குக் கெளம்புச்சு, ஜூலை 5 தெற்கு அட்லாண்டிக்ல முழுகிடுச்சு. கேப்டன் டட்லி, ஸ்டீபன்ஸ், ப்ரூக்ஸ், அப்புறம் 17 வயசு ரிச்சர்ட் பார்க்கர், நாலு பேரும் ஒரு சின்னப் படகுல. சாப்பிட ரெண்டு டின் டர்னிப் கிழங்கு, அப்புறம் ஒரு ஆமை கெடச்சுது, குடிக்கத் தண்ணி இல்ல. பையன் கடல் தண்ணியைக் குடிச்சு படுத்துட்டான். சுமார் 20 நாள் கழிச்சு டட்லி, ஸ்டீபன்ஸ் சம்மதத்தோட, பையன் கழுத்துல பேனாக்கத்தியை வச்சார். நாலஞ்சு நாள்ல ஒரு ஜெர்மன் கப்பல் வந்து மத்த மூணு பேரையும் காப்பாத்துச்சு. ஊருக்கு வந்து டட்லி எதையும் மறைக்கல, கடல்ல இது வழக்கம்தானேன்னு அப்படியே சொன்னார். செத்த பையனோட அண்ணனும் மாலுமி, அவரே கோர்ட்ல டட்லி கையைக் குலுக்கினார்னா பாத்துக்கங்க. ஆனா தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் கொலைதான்னார், தூக்குத் தண்டனை, அப்புறம் 6 மாசமா குறைச்சாங்க.

என் ஓட்டு கோல்ரிட்ஜ் பக்கம். காரணம் அந்த "வழக்கம்"ங்கற வார்த்தை. வழக்கம்னா சீட்டுக் குலுக்கிப் போடணும், யார் பேர் வருதோ அவர். கேக்க நியாயமா இருக்கு. 1765ல பெக்கின்னு ஒரு கப்பல், அதுலயும் பட்டினி, அதுலயும் சீட்டு, மொத சீட்டு யாருக்கு விழுந்துச்சு தெரியுமா, கப்பல்ல இருந்த கறுப்பின அடிமைக்கு. அந்தக் கேப்டனே பின்னாடி எழுதினார், சீட்டு நேர்மையா போட்டாங்களான்னு சந்தேகமா இருக்குன்னு. மிக்னொனெட்ல சீட்டே போடல, அநாதை, சின்னப் பையன், சீக்காளி, பொண்டாட்டி புள்ளை இல்லாதவன், அவ்ளோதான் தகுதி. வேற வழியில்லன்னு சொல்றவங்க எப்பவும் வேற ஆளைக் காட்டித்தான் சொல்றாங்க, இதோ நான் இருக்கேன்னு டட்லி தன் கழுத்தைக் காட்டல. ஏற்கனவே செத்தவங்களைத் தின்னு உயிர் பொழச்சா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், 1972ல ஆண்டீஸ் மலையில விமானம் விழுந்து 72 நாள் பனியில கெடந்த 16 பேர் அப்படித்தான் வந்தாங்க, அவங்க யாரையும் தேர்ந்தெடுத்துக் கொல்லல. நம்ம சட்டமும் இந்த இடத்துல கறாராதான் இருக்கு, பழைய ஐபிசி 94 பாருங்க, இப்பவே கொன்னுடுவேன்னு மிரட்டி ஒரு குத்தத்தைச் செய்ய வச்சா மன்னிப்பு உண்டு, ஆனா கொலைக்கும், மரண தண்டனை வரக்கூடிய அரசுக்கு எதிரான குத்தத்துக்கும் அந்தச் சலுகை கெடையாது. எக்ஸாம்ல இதைச் சேத்து எழுதுங்க, மார்க் விழும்.

அந்த டட்லி ஜெயில்ல இருந்து வந்ததும் குடும்பத்தோட சிட்னிக்கே போய்ட்டார், பாய்த்துணி, தார்ப்பாய் தைக்கிற தொழில், நல்லாத்தான் இருந்தார். 1900ல அந்த ஊருக்கு பிளேக் வந்தப்போ அதுல செத்த மொத ஆள் அவர்.